ரத்தம் கேட்டவள் வாங்கிய பதில்கள்

ரத்த வங்கியில கவுன்சிலர் வேலைங்கறது, நல்லா இருக்கிற மனுஷன்கிட்ட ஒரு பை ரத்தம் கேட்டுட்டு, அவர் சொல்ற சாக்கைச் சிரிச்ச முகத்தோட கேட்டுக்கிற வேலை. தில்லை நகர்ல ஒரு ஆஸ்பத்திரியில பதினாலு வருஷமா இதைத்தான் செய்றேன். தொண்டைத் தண்ணி வத்தினதுதான் மிச்சம். ஆஸ்பத்திரி வராந்தாவுல போனைக் காதுல வச்சுக்கிட்டு, ‘ஒரே ஒரு யூனிட் போதுங்க’ன்னு யார்கிட்டயாவது கெஞ்சியிருக்கீங்களா? அப்படின்னா இந்த வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

யாழினி

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்து மூணு வாரத்துக்கு ஒரு தடவை யாழினி வருவா. ஒன்பது வயசு. தலசீமியா. தேவையான ரத்தத்தை அவ உடம்பு உண்டாக்காது, வெளியில இருந்துதான் ஏத்தணும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பை. குரூப் பி நெகட்டிவ், லேசுல கிடைக்காது. பெத்தவங்க ரத்தத்தை ஏத்த வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். வாங்கி வருஷக்கணக்குல அடுக்கி வைக்கவும் முடியாது, மிஞ்சிப் போனா ஒன்றரை மாசம் தாங்கும். ஆக, முகம் தெரியாத யாரோ மனசு வச்சாத்தான் அவளுக்கு அடுத்த மூணு வாரம்.

ஒரு தடவை ஆள் கிடைக்காம பத்து நாள் தள்ளிப் போச்சு. உதடெல்லாம் வெளுத்துப் போய், நடக்க மூச்சு வாங்கி, அவ அம்மா சித்ரா இடுப்புல தூக்கிட்டு வந்தா. ஒன்பது வயசுப் பிள்ளை இடுப்புல உக்காந்து வர்றதைப் பார்க்க எனக்குச் சகிக்கலை. கட்டில்ல படுக்க வச்சதும் அது என்னைக் கேட்டுச்சு: “எனக்கு ரத்தம் குடுக்கறவங்க எல்லாரும் ஏன் ஆன்ட்டி எப்பப் பார்த்தாலும் ஊருக்குப் போயிடறாங்க?”

ஏகாதசி முகாம்

இது முழுக்க முழுக்க என் புத்தியில உதிச்ச திட்டம். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துல கூட்டம் அலைமோதும், அதுல நூறு பேர் கைநீட்டினாக்கூடப் போதும்னு மேனேஜ்மென்ட்டுல பேசி, உத்தர வீதியில பந்தல் போட்டு, பன்னெண்டு கட்டில் கொண்டுபோய் இறக்கினேன். கேட்டதும் ஜனங்க வந்தாங்க, அதைக் குறை சொல்ல மாட்டேன். படிவத்துல முதல் கேள்வி, ‘கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?’ வந்தவங்க எல்லாரும் விரதம். வெறும் வயித்துல இருக்கிறவங்ககிட்ட ரத்தம் எடுக்கக் கூடாது. திருச்சியிலயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது முன்னாடியே தோணலை பாருங்க. சாயங்காலம் வரைக்கும் பன்னெண்டு கட்டிலும் காலி.

வந்தவங்கள்ல ஒரு மாமா பி நெகட்டிவ். மறுநாள் துவாதசி பாரணை, அதாவது விரதச் சாப்பாடு, முடிச்சுட்டு அவசியம் வரேன்னு நம்பர் கொடுத்தார். எனக்கு யாழினி ஞாபகம்தான். மறுநாள் மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துட்டு நானே போன் பண்ணினேன். கொட்டாவி விட்டுக்கிட்டே சொன்னார்: “பாரணை ஆச்சும்மா, ராத்திரி பூரா முழிச்சது கண்ணைச் சொருகறது, அடுத்த ஏகாதசிக்கு வாங்கோ பார்த்துக்கலாம்.”

டேப் போதும்

ஒரு கட்சித் தலைவர் பிறந்த நாளுக்குக் கல்யாண மண்டபத்துல முகாம். வரிசையில நாப்பது இளைஞர்கள். அப்பாடான்னு இருந்துச்சு. முதல் ஆள் படுத்தார், கையில பந்தைப் பிடிச்சார், ஊசி குத்தறதுக்கு முன்னாடியே டேப் ஒட்டச் சொன்னார், போட்டோ எடுத்துக்கிட்டார், எழுந்தார். பின்னாடி வந்தவங்களும் அதையே செஞ்சாங்க. உருப்படியா கொடுத்தது ஏழு பேர்.

எழுந்து போன ஒருத்தரை வாசல்ல மடக்கினேன். “கால் மணி நேர வேலை தம்பி, முந்நூத்தைம்பது மில்லிதான், உங்க உடம்புக்கு அது ஒண்ணுமே இல்லை”ன்னேன். அவர் போனை என் முகத்துக்கு நேரா காட்டினார். “போஸ்ட் போட்டாச்சுக்கா, லைக்கும் வந்தாச்சு, இனிமே குத்தி என்ன ஆகப் போகுது?”

முழுக்கைச் சட்டை

திருவெறும்பூர் பக்கம் ஒரு கம்பெனியில ரத்தம் கொடுத்தா ஒரு நாள் லீவு. நல்ல ஏற்பாடுதான். சித்திரை வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டு ஒருத்தர் வந்தார். பச்சை குத்தினீங்களான்னு கேட்டேன், இல்லைன்னார். சட்டையை மடிச்சா, முழங்கை வரைக்கும் புத்தம் புது சிங்கம். பச்சை குத்தினா ஒரு வருஷம் பொறுக்கணும், ஊசி வழியா கிருமி வந்திருந்தா அது நோயாளிக்குப் போயிடும்னு சொன்னேன். டெஸ்ட் பண்ணினாலும் ஆரம்பத்துல சிலது தெரியாதுன்னும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துடுச்சு. “நான் உண்மையைச் சொன்னா உங்களுக்கும் ரத்தம் போச்சு, எனக்கும் லீவு போச்சு, யாருக்கு மேடம் லாபம்?”

எந்த ஆளுங்க

முசிறி பக்கத்து விவசாயி ஒருத்தர், சம்சாரத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பையைக் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது யாரோடதுங்க?”ன்னார். பேர் சொல்லக் கூடாதுன்னேன். “பேர் வேண்டாங்க, எந்த ஆளுங்கன்னு மட்டும் சொல்லுங்க”ன்னார். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. “பையில குரூப் மட்டும்தான் போட்டிருக்கு, வேண்டாம்னா திருப்பி உள்ள வச்சிடறேன்”னு கையை நீட்டினேன். பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டார்.

பக்கத்துல ரெண்டு மகன்கள், ஒவ்வொருத்தரும் தேக்கு மரம் மாதிரி. பதினெட்டு வயசு ஆகி, நாப்பத்தஞ்சு கிலோ இருந்து, வியாதி இல்லைன்னா யாரும் கொடுக்கலாம். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறவங்ககூட அது கட்டுப்பாட்டுல இருந்தா கொடுக்கலாம். மூணு மாசத்துல ஆம்பளைங்க மறுபடியும் வரலாம். இத்தனையும் பொறுமையா சொல்லி, “உங்க பிள்ளைங்க யாருக்காவது கொடுக்கட்டுமே”ன்னேன். அதுக்கு அவர்: “அவனுங்க உழைக்கிற பசங்கம்மா, ரத்தத்தை எடுத்துட்டா வயக்காட்டுல யாரு இறங்குறது?”

பன்னெண்டரை

எங்க ஆஸ்பத்திரியில பெருக்குற செல்வி, யாழினியைப் பார்த்துட்டுத் தானா வந்து நின்னா. அவளும் பி நெகட்டிவ். பதினாலு வருஷத்துல நான் கூப்பிடாம வந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஹீமோகுளோபின் பன்னெண்டரை இருக்கணும், அவளுக்குப் பத்து. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம்னு சொல்லி அனுப்பினேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்தா, பத்தரை. அப்புறமும் வந்தா, பதினொண்ணு. “எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க, எடுத்துக்கங்க”ன்னு கையை நீட்டிக்கிட்டே உக்காந்திருந்தா. முடியாதுன்னுட்டேன். நல்லா சாப்பிடுன்னு மறுபடியும் ஆரம்பிச்சேன். துடைப்பத்தை எடுத்துக்கிட்டே சொன்னா: “எல்லாரும் தின்ன சட்டியை வழிச்சுத் தின்றவளுக்கு எங்கேருந்துங்க பன்னெண்டரை வரும்?”

இந்த மே மாசம்

மே மாசம் காலேஜ் எல்லாம் லீவு, முகாமே கிடையாது. யாழினி முறை வந்தப்போ ஃபிரிட்ஜ்ல பி நெகட்டிவ் ஒரே ஒரு பை. சித்ரா கவுண்டர் முன்னாடி உக்காந்திருக்க, ரிஜிஸ்டரை வச்சுக்கிட்டு வரிசையா போன் போட்டேன். ஒருத்தர் போன மாசம்தான் கொடுத்தவர். ஒருத்தர் சிங்கப்பூர்ல. ஒருத்தர் என் குரலைக் கேட்டதுமே கட் பண்ணிட்டார். நான் இன்சுலின் போட்டுக்கிறவ, கொடுக்க முடியாது.

ஆனா என் பொண்ணு திவ்யா பி நெகட்டிவ். இருபது வயசு, அம்பத்திரண்டு கிலோ, ஹீமோகுளோபின் பதிமூணு. அவ பேரு அந்த ரிஜிஸ்டர்ல இல்லை. நான் எழுதலை. பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வந்தா உடம்புல தெம்பு வேண்டாமான்னு மனசு அடிச்சுக்கும். இதையே வேற அம்மா சொல்லியிருந்தா அரை மணி நேரம் லெக்சர் அடிச்சிருப்பேன். அவளே ரெண்டு தடவை கேட்டா. ஒரு தடவை பரீட்சை முடியட்டும்னேன், இன்னொரு தடவை வெயில் குறையட்டும்னேன். அன்னைக்கு அவ உறையூர்ல வீட்ல சும்மாதான் இருந்தா, வந்து சேரக் கால் மணி நேரம்கூட ஆகாது. போனை எடுத்தேன். அவ பேரைப் பார்த்தேன். திரும்ப வச்சுட்டேன். “யாருமே கிடைக்கலை சித்ரா”ன்னேன்.

இருந்த ஒரு பையை மட்டும் ஏத்தினாங்க. சாயங்காலம் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு சித்ரா கவுண்டருக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. “நீங்க இல்லைன்னா எங்களுக்கு யாருக்கா இருக்கா, உங்க பொண்ணு நல்லா இருக்கணும்னு தினம் சாமிகிட்ட வேண்டிக்கிறேன்.”

எதிர்ல நிக்கிறவங்க சொல்றது காரணமா சாக்கான்னு முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன், என் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் அந்தக் கவுண்டர்ல ஆள் போடலை.