கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலி

ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் குடல் அழற்சி ஆய்வுக்காகக் குடலில் சிறு துணுக்கு எடுக்க, நோயாளிகளிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவது என் வேலை. சுங்கை சிப்புட்டிலிருந்து வரும் நோயாளியான லாரிக்காரர் ஒருவர் எப்போதும் கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலியைத்தான் பிடிப்பார். அன்று அதில் மகளை உட்காரவைத்துவிட்டு, வயிற்றை அமுக்கியபடி நின்றார். அவளுக்கும் மலத்தில் இரத்தம் போகத் தொடங்கியிருந்தது.

ஒரே ஜீனின் செய்தியை உடம்பு பலவிதமாக வெட்டி ஒட்டிக்கொள்ளும், இந்த நோயில் அந்த ஒட்டு மாறிப்போகிறது என்று விளக்கினேன்.

"அப்ப நான் குடுத்த ஜீனு நல்லதுதானே தங்கச்சி? வெட்டி ஒட்டுறதுலதான் கோளாறு?"

"இன்னும் சரியா தெரியலண்ணே. அதத்தான் தேடுறோம்."

"என் கொடல்ல எவ்வளவு வேணும்னாலும் வெட்டி எடுத்துக்குங்க லா. அவகிட்ட மட்டும், இது அப்பா குடுத்தது இல்லன்னு சொல்லிடுங்க."

அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவரிடம் சம்மதப் படிவத்தைத்தான் நீட்டினேன்.