நேசராணி மிஸ்ஸி கை நீட்டிய நாள்

நேசராணிக்கு வாய் நீளம். கை மட்டும் நீளாது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அப்பன் விறகுக் கட்டையால் அம்மாவின் கையை முறித்ததைப் பார்த்து வளர்ந்தவள். இருபத்தாறு வருடமாகப் பதுளை ஆஸ்பத்திரியொன்றின் பிரசவ அறையில் தாதியாக, தோட்டத்தார் வாயில் மிஸ்ஸியாக, நிற்கிறாள். வலியில் கத்தும் பெண்களின் தொடையில் பளாரென்று போடுகிறவர்கள் உண்டு. இவள் போட்டதில்லை. திட்டுவாள், ஏழு தலைமுறையையும் இழுப்பாள், அதோடு சரி.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஹல்துமுல்லைத் தோட்டத்து நிலுக்ஷியை ரத்தம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி. பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவளைப் புருஷன் ஜொனி குடிவெறியில் வயிற்றிலேயே உதைத்திருக்கிறான். கிளினிக்குக்குத் துணைக்கு வரச்சொன்னது குற்றமாம். கீழுதடு கிழிந்து தொங்கியது.

"என்னைய விடுங்க மிஸ்ஸி. கொடி ரத்தத்த மட்டும் எடுத்துருங்க," என்றாள்.

அது அவளுடைய மூத்த மகளுக்கு. ஆறு வயது, தலசீமியா. மாதாமாதம் ஊரார் ரத்தம் ஏற்றித்தான் அவள் உயிர் ஓடுகிறது. வயிற்றுப் பிள்ளையின் ரத்தம் அக்காளுக்குப் பொருந்தும் என்று முன்பே சோதித்துச் சொல்லியிருந்தார்கள். தொப்புள்கொடி ரத்தம் நல்லபடியாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தால் அவள் பிழைக்க வழியுண்டு.

அந்த நல்லபடியில்தான் வினையே இருந்தது. நிறைமாதப் பிள்ளை என்றால் கொடி ரத்தம் பிடிக்கும் பை நிறையும், இதுவோ குறைமாதம். உதையில் நஞ்சுக்கொடி ஒருபக்கம் பிய்ந்து தாயின் ரத்தம் கட்டிலில் ஓடியது. பிள்ளை நீலம் பாரித்து வந்து விழுந்தது.

"இப்பவே வெட்டுங்க மிஸ்ஸி!" நிலுக்ஷி அலறினாள். உடனே கொடியை இடுக்கியால் கவ்வினால் பைக்குக் கூடுதல் ரத்தம் கிடைக்கும், பிள்ளைக்குக் குறையும்.

"வாய மூடுடி! இதுவும் நீ பெத்ததுதான்!"

நேசராணி ஒரு நிமிடம் பொறுத்தாள். பிள்ளை வீறிட்டது. அதன் பிறகே கொடியைக் கவ்வி, அழுக்கு ஒட்டாமல் மும்முறை துடைத்து ஊசி ஏற்றினாள். ரத்தம் கட்டிவிடாதபடி பையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தாள். வேண்டிய அளவுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வெளிக்கதவின் கண்ணாடி நொறுங்கியது. பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்த ஜொனி கதவை உதைத்துக்கொண்டிருந்தான். "என் புள்ள ரத்தத்த விக்கப் பாக்குறீங்களா?" தடுத்த சிற்றூழியரின் மூக்கு உடைந்தது.

நேசராணி பாய்ந்து வெளியே வந்தாள். "ஒன் மூத்தவளுக்குடா அது! கெட்டுப்போச்சுன்னா நீதான்டா அவளக் கொன்னவன்!"

ஜொனி அப்படியே அடங்கிப்போனான்.

ரத்தப் பையைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து, கொழும்பு வாகனம் வரும்வரை வாசல் மேசையில் விட்டுவிட்டு, நேசராணி தையல் போடப் போனாள். அரைமணி கழித்துத் திரும்பியபோது பெட்டி மூடியை அமுக்கிக்கொண்டு ஜொனி காவல் நின்றான். கை ஈரமாக இருந்தது. மீன் வாடை அடித்தது.

அவன் லயம் லயமாக மீன் விற்கிறவன். வெயிலில் மீன் கெடாதிருக்க ஐஸில் கல்லுப்பைக் கலப்பான். உப்புச் சேர்ந்தால் குளிர் இன்னும் கடுமையாகும். மோட்டார் சைக்கிள் மீன்பெட்டியிலிருந்த அந்த ஐஸைத்தான் பை மூழ்க மூழ்கக் கொட்டியிருந்தான். கொடி ரத்தம் குளிரலாம், உறையக் கூடாது. உறைந்தால் அணுக்கள் வெடித்துச் சாகும். பை கல்லாகியிருந்தது.

"கெட்டுரக் கூடாதுன்னுதான் மிஸ்ஸி..."

நேசராணி அறைந்தாள். சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினாள். அவன் பல் உடைந்து அவள் புறங்கையைக் கிழித்தது. அவன் கையே ஓங்கவில்லை. மூன்று பேர் சேர்ந்துதான் அவளை இழுத்தார்கள்.

உள்ளே வந்தபோது நிலுக்ஷி விழித்திருந்தாள். "ரத்தம் போயிருச்சா மிஸ்ஸி?"

நேசராணி மறைக்காமல் சொன்னாள். பிள்ளை வளர்ந்தால் அதன் எலும்பு மஜ்ஜை உதவும் என்றும் சொன்னாள். ஆனால் ஏற்றிய ரத்தத்தின் இரும்பு தேங்கிய மூத்தவளின் ஈரல் அத்தனை வருடம் தாங்காது என்று டாக்டர் எச்சரித்தது இருவருக்குமே தெரியும்.

நிலுக்ஷி கிழிந்த உதட்டைப் போர்வை முனையால் ஒற்றிக்கொண்டாள்.

"அப்ப இன்னொன்னு பெக்கணுமா மிஸ்ஸி? இந்த ஆளுக்கா?"