நாலாவது நாள் வந்த அழைப்பு

ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படுமுன் பழகியவர்கள் எல்லாரிடமும் போய் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க" என்று கையைப் பிடித்துச் சொல்வோம். அவர்களும் "பொறுத்தேன், நீங்களும் பொறுத்துக்கங்க" என்பார்கள். இரண்டு பேருக்கும் கண் கலங்கும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்த வருடம் எனக்குப் பயணம் சரிவந்தது. மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற சின்னக் கடை என்னுடையது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற ஆள் நான். ஐந்து நேரத் தொழுகையை விட்டதில்லை என்பதைத் தவிர பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்துக் கடைகள், பள்ளிவாசல் ஜமாஅத், சொந்தக்காரர் என்று ஒவ்வொரு இடமாகப் போய் மாப்புக் கேட்டேன். யட்டவத்தைச் சந்தைக்கும் போனேன். எல்கடுவ தோட்டத்திலிருந்து வருடக்கணக்காக எனக்கு மிளகு கொண்டுவருகிற ஒருவர் அங்கே இருந்தார். கையைப் பிடித்தேன்.

"மொதலாளி, ஈர மொளகுன்னு சொல்லிக் கழிச்சீங்களே, அதுக்கும் சேத்தா?"

"அதுக்கும் சேத்துத்தான்."

"அந்தச் சாதிக்காயிக்கி?"

"எல்லாத்துக்கும் சேத்து, ஐயா."

"அப்ப சரிங்க. மக்காவுலயாச்சும் தராச நேரா புடிங்க."

சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். மனம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களிடம் நேரில் போக முடியாது. அதனால் அதே வார்த்தைகளைப் போனில் பதிவு செய்து ஒரே தடவையில் எல்லாருக்கும் அனுப்பினேன். அந்த எல்லாரிலும் அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் தங்கையும் ஒருத்தி. பத்து நிமிடத்தில் அவளுடைய குரல் வந்தது. அண்ணனை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"என்னத்துக்கு நானா மாப்பு? நீங்க எனக்கு என்னத்த செஞ்சீங்க? ஒங்களப் போல ஒரு நானா ஆருக்குக் கெடைக்கும்?"

அதை இரண்டாம் முறை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

என் தங்கையை இன்று இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. ஆஸ்பத்திரிகளில் காத்திருக்கிற நோயாளிக்கு அவர் முறை எத்தனை மணிக்கு வரும் என்று சரியாகச் சொல்லும் மென்பொருளைச் செய்கிற கம்பெனியை அவள் நடத்துகிறாள். பல நாட்டு ஆஸ்பத்திரிகள் அதை வாங்கியிருக்கின்றன. போன புதிதில் ஒரு ஆஸ்பத்திரியில் போனுக்குப் பதில் சொல்கிற வேலைதான் அவளுக்குக் கிடைத்தது. காலையில் வந்து உட்கார்ந்தவர்கள் பின்னேரம் வரை ஒன்றும் தெரியாமல் இருப்பதைப் பார்த்துப் பார்த்து அந்த யோசனை வந்ததாம். வீட்டில் உடுப்புக் கழுவுகிற அறையில் ஒரு மேசையைப் போட்டுத் தொடங்கினாள். முதலீடு கேட்டுப் போன இடங்களில் அவளுடைய ஸ்கார்ஃபைப் பார்த்துவிட்டு, கூட வந்த வெள்ளைக்காரப் பொடியனிடமே கேள்விகளைக் கேட்டார்களாம். அந்தப் பொடியன் அவளிடம் சம்பளத்துக்கு வேலை செய்தவன்.

இதையெல்லாம் அவள் மேடைகளில் சொல்கிறாள். பெரிய மண்டபங்களில் படித்த பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கிறார்கள். என் மகள் அவற்றை யூடியூபில் எடுத்து எனக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வாள். எந்த மேடை என்றாலும் தங்கை முதலில் சொல்வது ஒரே கதைதான்.

அவள் உயர்தரப் பரீட்சை முடித்த வருடம், வெளிநாட்டில் கம்பியூட்டர் படிக்க ஒரு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாள். உம்மாவோடு கொழும்புக்குப் போய் நேர்முகப் பரீட்சையும் செய்துவிட்டு வந்தாள். தெரிவானவர்களுக்கு மூன்று கிழமைக்குள் போன் எடுப்போம், மற்றவர்களுக்கு எடுக்கமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் அன்று போன் இல்லை. படிவத்தில் கொடுத்தது என் கடை நம்பர். அவள் ஒவ்வொரு நாளும் லுஹர் தொழுகைக்குப் பிறகு கடைக்கு வந்து, "போன் வந்திச்சா நானா?" என்று கேட்டாள். பத்தொன்பது நாள் வந்தாள். இருபதாவது நாள் வரவில்லை.

"ஒருத்தரும் எடுக்கவில்லை" என்று மேடையில் சொல்வாள். பிறகு, "இன்னொருவருடைய அழைப்புக்காகக் காத்திருக்கக்கூடாது என்று அன்று படித்தேன்" என்பாள். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அதோடு விடமாட்டாள். "என் நானா ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு பிளேன்டீ ஊற்றித் தந்தார்" என்றும் சொல்வாள்.

மகள் அந்த இடத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் தொப்பியைச் சரிசெய்துகொள்வேன்.

போன் வந்தது. நாலாவது நாள் காலை பத்து மணியிருக்கும், ஒரு பெண் சிங்களத்தில் பேசினார். தங்கை தெரிவாகியிருக்கிறாள், அடுத்த கிழமை பத்திரங்களோடு கொழும்புக்கு வரவேண்டும் என்றார். நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அவள் வரமாட்டாள், கல்யாணம் பேசி முடித்தாயிற்று, அவள்தான் இதைச் சொல்லச் சொன்னாள் என்று சிங்களத்திலேயே சொன்னேன். அந்தப் பெண், அவளோடு ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டார். இங்கே இல்லை என்றேன். பாவம், நல்ல பிள்ளை, அப்படியென்றால் அடுத்தவருக்குக் கொடுக்கிறோம் என்று வைத்துவிட்டார்.

அன்றும் அவள் வந்தாள். "போன் வந்திச்சா நானா?" இல்லை என்றேன். டீ ஊற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பதினைந்து நாள் அப்படியே.

கல்யாணப் பேச்சு ஒன்று இருந்தது உண்மை. மூன்று மாதத்தில் அது முறிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் டவுனில் சின்னப் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் சொல்லிக்கொடுத்தாள், கொழும்பில் வேலை செய்தாள், கல்யாணம் முடித்து அவுஸ்திரேலியா போனாள். அவள் பெயர் பேப்பரில் வந்த நாளிலிருந்து ஜும்ஆவுக்குப் பிறகு எனக்குக் கை கொடுக்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழாவுக்கு அவளால் வர முடியாதபோது என்னைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். தங்கையைப் படிக்க வைத்த இந்த நானாவைப் போல எல்லாச் சகோதரர்களும் இருக்கவேண்டும் என்று பள்ளிக்கூட அதிபர் சொன்னார். என் கழுத்தில் மாலை போட்டார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். அன்று அஸருக்குத் தொழ நின்றபோது ஓதவேண்டியது எனக்கு நாக்கில் வரவில்லை.

ஹஜ் வகுப்பில் மௌலவி சொன்னார்: அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்கவேண்டும். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அவங்களுக்கு அது தெரியாமலே ஈந்தா, ஹஸ்ரத்?" என்று கேட்டார். சொல்லித்தான் கேட்கவேண்டும் என்றும், சொல்வதால் அவருக்குப் புதிதாக நோவு வருமென்றால் சொல்லாமல் அவருக்காகத் துஆக் கேட்கலாம் என்று சொன்ன உலமாக்களும் உண்டு என்றும் மௌலவி இரண்டையும் சொன்னார். நான் இத்தனை வருடமும் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அது எனக்குச் சுகமாக இருந்தது. தங்கையின் குரல் வந்ததற்குப் பிறகு அந்தச் சுகம் போய்விட்டது. மூன்று நாள் தூக்கம் சரியில்லை. பெண்சாதி கேட்டதற்கு, பயண யோசனை என்று அவளுக்கும் பொய் சொன்னேன்.

நாலாம் நாள் காலை கடையைத் திறக்காமல், உள்ளறையில் உட்கார்ந்து தங்கைக்கு வீடியோ கோல் எடுத்தேன். அங்கே பகல் கடந்திருந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் இருந்தாள்.

"நானா! சாமானெல்லாம் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு. தங்கச்சி, அந்த மாப்பு நான் சும்மா கேட்டதில்ல."

"சும்மா கேட்டா என்ன? தந்துட்டேன்."

"தராத. மொதல்ல கேளு. அந்தக் கொழும்பு ஆக்கள் போன் எடுத்தாங்க."

"எந்தக் கொழும்பு ஆக்கள்?" அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஒனக்கு அந்த ஸ்கொலர்ஷிப் கெடச்சிருந்திச்சு. நீ வரமாட்டாய், கல்யாணம் பேசியாச்சுன்னு நான்தான் சொல்லிட்டேன்."

படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். உறையவில்லை. அவள் அசையவில்லை.

"எத்தனாவது நாள்?"

"நாலாவது நாள்."

"அப்ப அதுக்குப் பொறகு நான் வந்ததெல்லாம்..." முடிக்கவில்லை. "ஏன் நானா?" என்றாள்.

"சம்பந்தம் ஒண்டு வந்திருந்திச்சே. வாப்பா இல்லாத வீடு. கொமர்ப் புள்ளய தனியா அனுப்பினா ஊர் என்ன சொல்லும்னு..."

"ஊர். வேற?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அதை நான் எனக்குள்ளேயே ஒரு நாளும் வார்த்தையாகச் சொன்னதில்லை. "வாப்பா மவுத்தானப்ப என்னப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிக் கடையில வச்சாங்க. ஒன்னப் படிக்க அனுப்பினாங்க. நீ நல்லாச் செய்றப்ப எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. நானும் பட்டேன். ஆனா..."

"பொறாம" என்றாள்.

"ஓ" என்று ஒத்துக்கொண்டேன்.

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல இருந்திருக்கும்.

"மாப்பு அல்லாவுக்காகத் தந்துட்டேன் நானா. அதுல ஒங்களுக்குச் சந்தேகம் வேணாம். சந்தோசமாப் போய்ட்டு வாங்க. ஆனா அந்தக் கதைய வச்சித்தானே நான் இத்தன புள்ளைகளுக்குத் தைரியம் சொன்னேன்? எனக்கும் அதுதான் தைரியமா ஈந்திச்சு. ஒவ்வொரு எடத்துலயும் இல்லன்னு அனுப்புறப்ப, 'அண்டைக்கே என்ன வேணாம்னாங்க, அதுக்கும் நான் நிண்டேன்தானே'ன்னு நெனச்சுக்குவேன். இப்பப் பாத்தா என்ன ஒருத்தரும் வேணாம்னு சொல்லவே இல்ல. இனி நான் என்னத்த நெனைக்க?"

ஸலாம் சொல்லி, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

மாப்புக் கிடைத்துவிட்டது. கடை உள்ளறையில் இரண்டு ரக்அத் தொழுது அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். ஸலாம் கொடுத்துத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அவளிடமிருந்து நான் இரண்டு தடவை எடுத்திருக்கிறேன். முதல் தடவை என் பொறாமைக்காக அவளுடைய படிப்பை. இரண்டாம் தடவை என் ஹஜ் சரியாகவேண்டும் என்பதற்காக, அவள் தலை நிமிர்ந்து நிற்க வைத்திருந்த ஒரே கதையை. அவள் நலத்தை நினைத்துத்தான் சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். அல்லாஹ் அறிவான், நான் என்னை நினைத்துத்தான் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கவேண்டும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பொய்யின் மேல் அவள் நிற்க, நான் கீழே நின்று மாலை வாங்குவது எப்படிச் சரியாகும்? எனக்குத் தெரியவில்லை. நான் படித்தவனில்லை.

போன கிழமை அவளுடைய புதிய பேச்சு ஒன்று வந்தது. மகள் ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டாள். தங்கை அதே மாதிரி மேடைக்கு வந்தாள். "நான் மாத்தளையில் படித்தேன். பிறகு கொழும்பில் வேலை செய்தேன்" என்று சொல்லிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக் கதைக்குப் போனாள். நடுவில் எதுவும் இல்லை. யாரும் எழுந்து நிற்கவில்லை. ஓரிடத்தில் வார்த்தையை மறந்தவள் போலக் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தாள். என் தங்கை கடதாசி பார்த்துப் பேசி நான் அதுவரை கண்டதில்லை.

"மாமி ஏன் வாப்பா அந்தப் போன் கதையச் சொல்லல்ல?" என்று மகள் கேட்டாள்.

மறந்திருப்பாள் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. மகளுக்கு மாமி என்றால் உயிர். அவளும் கம்பியூட்டர்தான் படிக்கப்போகிறேன் என்று நிற்கிறாள். வாப்பா அனுப்புவார் என்று கூட்டாளிகளிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

"அது நடக்காத கதை மகள். போன் வந்திச்சு. நான்தான் மறைச்சேன்" என்றேன். முழுவதையும் சொன்னேன். பொறாமையையும் சொன்னேன். டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மகள் என்னைப் பார்க்கவில்லை. "ஹஜ்ஜுக்குப் போறதாலதான் எனக்கிட்டயும் சொல்றீங்களா?"

"இல்ல மகள். நீங்க கேட்டீங்க. அதால சொன்னேன்."

அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலு நாளாயிற்று. சாப்பாடு வைக்கிறாள், என் இஹ்ராம் துணியைக் கழுவி மடித்தும் வைத்திருக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. வியாழக்கிழமை எனக்குப் பயணம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கையைப் பிடித்து, எங்களுக்கும் துஆச் செய்ங்க ஹாஜியார் என்று இப்போதே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவள் அறைக்குள்ளிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் மட்டும் நான் இன்னும் மாப்புக் கேட்கவில்லை. பயணத்துக்கு முன் தந்துவிடவேண்டும் என்று அந்தப் பிள்ளையை நெருக்க எனக்கு மனம் வரவில்லை.