தம்பியின் இதயம் இருந்த பக்கம்

தம்பிக்கு அப்போது ஐந்து வயது, எனக்கு ஒன்பது. சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் எட்டாவது மாடி வீடு. அந்த வீட்டில் என்னை மிகவும் பயமுறுத்தியது ஒரு சத்தம். காலையிலும் மாலையிலும் அம்மா தம்பியைத் தலையணைமேல் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவார். டப், டப். தட்டி முடித்ததும் அவன் இருமிச் சளியைத் துப்ப வேண்டும். துப்பும்வரை அம்மாவுக்கும் மூச்சு வராது.

மருத்துவமனையில் தமிழ்த் தாதி ஒருவர்தான் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். “மூச்சுக்குழாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன முடி மாதிரி இருக்கும்க்கா. எல்லாம் ஒண்ணா அசைஞ்சு சளியை மேல தள்ளிவிடும். உங்க பையனுக்கு அது அசையல. நீங்கதான் தட்டி எடுக்கணும். வீட்டுல புகை மட்டும் வேணாம்லா.”

அன்றோடு எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி நின்றது. தூபக்கால் அலமாரி உச்சிக்குப் போய்விட்டது. புக்கிட் பாத்தோக்கிலிருந்து வந்த சித்திக்கு அது பொறுக்கவில்லை.

“ஏக்கா, சாம்பிராணி போடாத வீட்டுல சாமி எப்படிக்கா தங்கும்?”

“புகையிலதான் சாமி இருக்கா? சும்மா இருடி.”

அம்மா அவர் வாயை அடைத்துவிட்டார். ஆனால் சித்தியின் பேச்சு என் மனதில் இறங்கிவிட்டது. தம்பிக்கு இருமல் கூடும்போதெல்லாம், முருகன் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. “பத்து நிமிஷத்துல வந்துடுறேன், தம்பியைப் பாத்துக்கோ” என்று அம்மா பால் வாங்கக் கீழே இறங்கினார். நான் நாற்காலி போட்டு ஏறித் தூபக்காலை எடுத்தேன். பழைய பெட்டியில் மிச்சமிருந்த கப் சாம்பிராணி ஒன்றைக் கொளுத்தி, சாமி படத்துக்குக் காட்டினேன். பிறகு, நல்லதுதானே என்று, தம்பியின் முகத்துக்கும் காட்டினேன்.

இருமல் தொடங்கியது. நிற்கவில்லை. அவன் உதடு நாவற்பழ நிறமானது. தூபக்காலைத் தரையில் போட்டுவிட்டு, அவனைத் தலையணைமேல் கவிழ்த்து, அம்மா மாதிரியே கையைக் குழித்துத் தட்டினேன். டப், டப். முருகா, முருகா. மஞ்சளாய்க் கட்டிச் சளி ஒன்று தரையில் விழுந்தது. திருப்பிப் போட்டேன். துவண்டு கண்ணை மூடிக்கொண்டான். கூப்பிட்டால் பதில் இல்லை.

பள்ளியில் தினமும் காலையில் உறுதிமொழி சொல்லும்போது வலது கையை மூடி இடது நெஞ்சில் வைப்போம். இதயம் அங்கேதான் இருக்கிறது என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அங்கே காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு ஓடுகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. இன்னும் அழுத்தி வைத்துக் கேட்டேன். ஒன்றுமே இல்லை.

கதவு திறந்தது. “அம்மா, தம்பி நெஞ்சு நின்னுடுச்சும்மா!”

பால் பொட்டலம் கீழே விழுந்தது. அம்மா சன்னல்களைத் திறந்துவிட்டு ஓடிவந்து, அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என் தலையைப் பிடித்து அவன் வலது நெஞ்சில் வைத்து அழுத்தினார். டக், டக், டக்.

“இந்தப் பக்கம்டி. அவனுக்கு இந்தப் பக்கம்தான். யார்கிட்டயும் சொல்லாத.”

அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது. என் புகைக்குப் பயந்து தம்பியின் இதயம் அந்தப் பக்கம் ஓடி ஒளிந்துகொண்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதன்பின் வெள்ளிதோறும் கோயிலில் ஒரே வேண்டுதல்தான்: முருகா, அதைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிடு. தம்பி என் பள்ளியில் சேர்ந்தபோது, உறுதிமொழிக்குக் கையை வலது பக்கம் வைக்கும்படி இரகசியமாகச் சொல்லிக்கொடுத்தேன். ஆசிரியை தினமும் அதைத் திருத்தினார்.

போன வருடம் தம்பியோடு பரிசோதனைக்குப் போயிருந்தேன். மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். தாயின் வயிற்றில் கரு கடுகளவு இருக்கும்போதே மூச்சுக்குழாயில் இருப்பதைப் போன்ற நுண்ணிய முடிகள் சுழன்றுதான் இதயம் எந்தப் பக்கம் என்று முடிவாகுமாம். அவை அசையாவிட்டால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அமையலாமாம். அந்தப் பக்கத்திலேயே அது நன்றாக வேலை செய்கிறது என்றும் சொன்னார்.

நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த இதயத்தைப் பெயர்த்து வைக்கச் சொல்லி அத்தனை வெள்ளிக்கிழமைகள் மன்றாடியிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் முருகன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது போய்க் கும்பிடுவதெல்லாம் அதற்கு நன்றியாகத்தான்.