றமீஸின் அட்டைகளில் இருந்த முகம்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு றமீஸ் கொண்டுவருவதாகச் சொன்ன புத்தக அட்டைப்படத்துக்காகக் காத்திருந்தேன். அவருடைய மனைவி பரீனாவின் அழைப்பு வந்தது. "அக்கா, அவர் இண்டைக்கு வரமாட்டார்" என்றார். காய்ச்சலா என்று கேட்டேன். "மௌத்தாயிட்டார்" என்றார். மாரடைப்பு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். றமீஸுக்கு நாற்பத்தைந்து வயது. அன்று மாலைக்குள் நல்லடக்கம் முடிந்துவிட்டது.

அவருடைய பெயர் பெற்றோர் பலருக்குத் தெரியாது. அவர் வரைந்த புத்தக அட்டைகளைத் தெரியாத பிள்ளைகள் இங்கே குறைவு. எங்கள் சிறுவர் பதிப்பகத்துக்குப் பதினொரு ஆண்டுகள் வரைந்தார். பதிப்பாசிரியையான நான் அநேகமாக ஒவ்வொரு அட்டைக்கும் அவரோடு சண்டை பிடித்தேன். புத்தகத்தின் பெயர் மேலே வரவேண்டும் என்பது என் கட்சி. ஒருநாள் என்னை உடுவிலில் ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்குக் கூட்டிச் சென்று, புத்தகத் தட்டுக்கு முன்னால் குந்தச் சொன்னார். முன்வரிசைப் புத்தகங்கள் பின்வரிசையை மறைத்திருந்தன. எந்த அட்டையிலும் மேற்பகுதி மட்டுமே தெரிந்தது. "பிள்ளையின்ரை உயரத்திலை இருந்து பாருங்கோ அக்கா. அந்த இடத்திலை ரெண்டு கண் இருக்கவேணும். கண்ணைக் கண்டால்தான் கை நீளும். பேரைப் பிறகு ஆறுதலாய் வாசிக்கட்டும்" என்றார். அதன் பிறகு பெயர் கீழே போயிற்று.

அந்தக் கண்கள் எப்போதும் ஒரே பையனுடையவை என்பதைக் கவனிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இடது காது சற்று வெளியே தள்ளியிருக்கும். முன்பல்லின் ஓரம் உடைந்திருக்கும். கேட்டபோது, "வேறை முகம் கையிலை வருகுதில்லை அக்கா. இவன் சுதன். நாலாம் வகுப்பிலை எனக்குப் பக்கத்திலை இருந்தவன்" என்றார். தொண்ணூறாம் ஆண்டில், முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று இயக்கம் அறிவித்த நாளில், பத்து வயது றமீஸ் அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் புத்தளம் போனார். "இப்ப கனடாவிலை ரெண்டு பிள்ளையோடை இருப்பான். தன்ரை முகத்தைத் தானே அடையாளம் காணமாட்டான்" என்று சிரித்தார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பகற்பொழுதில், அச்சுவேலியிலிருந்து பஸ் ஏறி ஓர் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் பரமேஸ்வரி. பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தை மேசையில் வைத்து, "உதிலை இருக்கிற பிள்ளையைக் கீறினவரை நான் பார்க்கவேணும்" என்றார். காரணம் சொல்லவில்லை. றமீஸ், யுத்தம் முடிந்து திரும்பிவந்து குடியேறியிருந்த சோனகதெருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். அம்மா எழுந்து நின்று அவருடைய கையைப் பிடித்தார்.

"தம்பி, இவனை எங்கை கண்டனீங்கள்?"

றமீஸ் அவருடைய முகத்தைப் பார்த்தார். "நீங்கள் சுதன்ரை அம்மாவோ?"

பெயரைக் கேட்டதும் அந்த அம்மா அவருடைய மற்றக் கையையும் பிடித்துக்கொண்டார். "எங்கை இருக்கிறான்? சொல்லுங்கோ தம்பி, எங்கை?" என்றார். கடைசி யுத்தத்தின்போது வன்னியில் தண்ணீர் எடுக்கப் போன சுதன் திரும்பி வரவில்லை. இடம்பெயர்வுகளில் வீட்டுப் படங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. றமீஸுக்கு இது எதுவும் தெரியாது.

"அம்மா, நான் கடைசியாய் அவனைக் கண்டது நாலாம் வகுப்பிலை. பிறகு காணேல்லை."

"பிறகு காணேல்லையோ?"

"இல்லை அம்மா."

அம்மா போன பிறகு, எங்கேயோ இருக்கிறான் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று றமீஸிடம் கேட்டேன். "அந்தச் சொல்லை நம்பி அவ நாளைக்கும் பஸ் ஏறுவா அக்கா. நான் அதுக்குப் பிறகு என்ன சொல்ல?" என்றார்.

இரண்டு மாதங்கள் அவர் எதையும் வரையவில்லை. அப்போது அம்மா மறுபடி வந்தார். காணாமற்போனவர்களின் தாய்மார் வீதியோரம் படங்களோடு நிற்கும் இடத்தில் தான் மட்டும் பெயர் எழுதிய மட்டையோடு நிற்பதாகச் சொன்னார். இருபத்தொன்பது வயதில், போன அன்று இருந்த மாதிரி மகனைக் கீறித் தரவேண்டும் என்றார். ஐந்து சனிக்கிழமைகள் எங்கள் அலுவலகத்தில் இருந்து முயன்றார்கள். மீசை எப்படி, வகிடு எந்தப் பக்கம் என்று றமீஸ் கேட்பார், அம்மா சொல்வார், வரைந்ததைப் பார்த்து, "இல்லைத் தம்பி" என்பார். ஐந்தாவது சனிக்கிழமை அழத் தொடங்கினார். "உங்கடை அட்டையைப் பார்த்துப் பார்த்து, எனக்கு இப்ப சின்னவன்தான் வாறான். பெரியவன்ரை முகம் போயிட்டுது."

றமீஸ் பென்சிலைக் கீழே வைத்தார். தன் கையால் ஒருவனை இரண்டாம் முறை தொலைத்துவிட்டதாக அவர் பிறகு என்னிடம் சொன்னார். அப்போது அவர் கேட்டது வேறு: "கடைசியாய் நீங்கள் கண்டது என்ன அம்மா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "முதுகு. ரெண்டு கையிலையும் தண்ணிக் கான். இடது தோள் கொஞ்சம் சரிஞ்சிருந்தது."

அதை அவர் கால் மணித்தியாலத்தில் வரைந்தார். அம்மா தாளில் அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்து, "ஓம். இவன்தான்" என்றார். முகங்களை ஏந்தி நிற்கும் தாய்மாருக்கு நடுவில் அவர் இன்றும் அந்த முதுகை ஏந்தி நிற்கிறார்.

அதற்குப் பின் சுதன் எங்கள் அட்டைகளில் வரவில்லை. றமீஸ் பள்ளிக்கூட வாசல்களில் நின்று, பெற்றோரிடம் கேட்டு, உயிரோடு துள்ளும் பிள்ளைகளை வரையத் தொடங்கினார். படத்தின் ஒரு பிரதியை அந்தந்த வீட்டுக்குக் கொடுக்காமல் எந்த அட்டையையும் அச்சுக்கு விடமாட்டார்.

நல்லடக்கத்துக்கு மறுநாள் நானும் பரமேஸ்வரி அம்மாவும் பரீனாவைப் பார்க்கப் போனோம். புறப்படும்போது அம்மா பரீனாவின் தலையைத் தடவி, "பிள்ளை, அவரின்ரை படம் இருக்குதோ? ஒரு இடத்திலை வைக்காதை. நாலைஞ்சு வீட்டிலை குடுத்து வை" என்றார்.

அந்த ஐந்து சனிக்கிழமைகளில் அம்மா "இல்லை" என்று சொன்ன முகங்கள் பதினான்கு. எல்லோரும் இருபத்தொன்பது வயது ஆண்கள். அவற்றைக் கிழிக்கப்போன என் கையை றமீஸ் தடுத்தார். "எறியாதையுங்கோ அக்கா. இதிலை ஒரு முகத்தைத் தேடிக்கொண்டு ஆராவது ஒருநாள் வரக்கூடும்." அவை என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அதை நான் பூட்டுவதில்லை.