கடலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர்

தவராசா அண்ணன் காலமானார் என்று வாட்ஸ்அப்பில் வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. போன வருடமும் இதே செய்தி வந்தது. பதறியடித்து அழைத்தால் அவரே எடுத்து, "சாப்பிட்டுக்கிட்டு இரிக்கன் புள்ள" என்றார். இம்முறையும் நாவற்குடா வீட்டுக்கு அழைத்தேன். "ஓம் புள்ள, இது உண்மைதான்" என்றார் அண்ணி.

எங்கள் பக்கத்தின் முதல் உள்ளூர் வானொலியைத் தொடங்கியவர் அவர். நான் அதில் அறிவிப்பாளர். முப்பத்தோராம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு நிலையத்தின் வரலாற்றை எழுதித் தரக் கேட்டிருக்கிறார்கள். எதை எழுத? முதல் ஒலிபரப்பு எந்த நாள் என்று கேட்டால், "மழை பெய்த நாள்" என்பார். ஒரு குறிப்பு இல்லை, ஒரு படம் இல்லை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை, இரண்டு மைக். அதில் ஒன்று வேலை செய்யாது.

செய்தி விஷயத்தில் அவரோடு மாரடிக்க முடியாது என்பது பழகிய எல்லாருக்கும் தெரியும். கிரானில் வெள்ளம் என்று அங்கிருந்தே ஒருவர் தொலைபேசியில் கத்தினார். இவர் நம்பாமல் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துவிட்டு வந்து, "வெள்ளம்தான், வாசி" என்றார். அதற்குள் ஊரே இடம்பெயர்ந்து முடிந்திருந்தது.

சுனாமிக்கு அடுத்த வருடம் ஒரு காலை, மறுபடி கடல் வருகிறதென்று கடலோரக் கல்லடிச் சனம் பாலத்தால் நிலையம் இருந்த இக்கரைக்கு ஓடிவந்தது. என் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கரையில், பள்ளிக்கூடத்தில். நான் மைக்கைத் திறக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"சொன்னா பாலத்தில மிதிபட்டுச் சாவாங்க. நான் பாத்துட்டு வாறன். பாட்டப் போடு."

ஓடிவரும் சனத்துக்கு எதிரே மோட்டார் சைக்கிளில் போனார். அரைமணி நேரம் பாட்டுப் போட்டேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லி அவரைத் திட்டினேன். திரும்பி வந்து தானே மைக்கின் முன் இருந்தார்.

"கரையில நிண்டு பாத்துட்டு வந்து சொல்றன். கடல் அதுட இடத்திலதான் கிடக்கு. எல்லாரும் வீட்ட போங்க."

"வந்திருந்தா?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"வந்திருந்தா முதல்ல போறது நான்தானே."

இதெல்லாம் ஒரு பதிலா? அவர் முதலில் போயிருந்தால் என் பிள்ளைகள் திரும்பி வந்திருப்பார்களா? இருபது வருடமாக, காணும்போதெல்லாம் இதைக் கேட்டுச் சண்டை பிடித்தேன். ஒருநாளும் வேறு பதில் சொல்லவில்லை.

அன்று பாலத்தில் ஒருவரும் சாகவில்லை. என் பிள்ளைகள் இருவரும் பின்னேரம் அதே பாலத்தால் நடந்து வீட்டுக்கு வந்தார்கள். அதற்காக அவருக்கு நான் நன்றி சொன்னதேயில்லை. கல்வெட்டில் எதை வேண்டுமானாலும் போடட்டும். எனக்கு அவர் விட்டுப்போனது இந்தச் சண்டைதான். இதை இனி யாரோடு பிடிப்பது?