மான் தொடைக்கு வாங்கிய சுமைப்பை

நியூசிலாந்து மலைகளில் மான் வேட்டைக்குப் போவதாக என் மாப்பிள்ளை அறிவித்த நாளில், அவர் வீட்டுக்குக் கோழி வாங்கினால் அதைத் துண்டு போட்டுத் தருவதற்கு சிங்கப்பூர் டேக்கா சந்தைக் கோழிக்கடைக்காரர் தேவைப்பட்டார். பொங்கோலில் அவர்கள் குடியிருக்கும் வீட்டில் கரப்பான்பூச்சி தலைகாட்டினால் என் மகள்தான் செருப்பை எடுப்பாள். மாப்பிள்ளை நாற்காலி மேல் நின்று திசை காட்டுவார். ஆயினும் யாருக்கு எந்த வடிவில் ஆசை வரும் என்பதை ஆண்டவனே அறிவான். அலுவலக நண்பர்கள் ஏப்ரலில் புறப்படுகிறார்கள் என்றதும் இவரும் சேர்ந்துகொண்டார்.

துப்பாக்கியும் வழிகாட்டியும் அங்கேயே கிடைத்துவிடுமாம். இங்கிருந்து கொண்டுபோக வேண்டியது, வீழ்த்திய மானின் இறைச்சியை மலையிலிருந்து இறக்கிக் கொணரும் சுமைப்பை ஒன்றுதான். ‘ஃபிரேம் பேக்’ என்று பெயர். முதுகுப்புறம் உலோகச் சட்டம், இடுப்பில் அகன்ற பட்டை, சட்டத்துக்கும் பைக்கும் நடுவே இறைச்சியை இருத்திக் கட்ட ஒரு தட்டு. வேடர் குலத்து அடியார் ஒருவர் இறைச்சியை இலையில் ஏந்தி, நீரை வாயில் நிறைத்து, மலரைத் தலையில் செருகிக்கொண்டு மலையேறி இறைவனை அடைந்தார். பாவம், அவருக்கு இடுப்புப் பட்டை கிடைக்கவில்லை.

மாப்பிள்ளையோ காணொளிகளைப் பார்த்துப் பார்த்து அந்தச் சாத்திரம் முழுவதையும் நெஞ்சில் ஏற்றியிருந்தார். இத்தனை ஊக்கத்தோடு ஒரு பதிகம் பயின்றிருந்தால் இந்நேரம் என் பக்கத்தில் அமர்ந்து ஓதியிருப்பார். அரிசி மூட்டையைப் பழைய பையில் கட்டி முதுகில் ஏற்றி, அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கிப் பயிற்சியும் செய்தார். பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி, “லிஃப்ட் ரோசாக்?” என்று பதறி, பழுது பார்க்க ஆள் அனுப்பச் சொல்லித் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

நான் இவற்றை வாய்பேசாமல் கவனித்துவந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பேத்தி பிறந்த வேளையில் என் மகளின் நிலை மிக மோசமாயிற்று. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடி நான் வேண்டிக்கொண்டேன்: “முருகா, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடு. மாப்பிள்ளை தைப்பூசத்தில் உனக்குக் காவடி எடுப்பார்.” நம்மிடையே இது புதிதன்று. தகப்பன் வேண்டிக்கொள்வான், பிள்ளைக்கு மொட்டை விழும். மாமியார் வேண்டிக்கொள்வாள், மருமகள் தீ மிதிப்பாள். பக்தி ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது.

அருள் உடனே கிடைத்தது. காவடிதான் வரவில்லை. ஒரு தைப்பூசத்துக்கு மாப்பிள்ளைக்கு முதுகுவலி. அடுத்ததற்கு வெளிநாட்டு அலுவல். அதற்கடுத்ததற்கு மீண்டும் அதே முதுகு. முருகன் பொறுமையோடு காத்திருந்தான். ஆங் மோ கியோ வீட்டில் தனியே கிடந்த எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. பேத்திக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், நிறைவேறாத அந்த வேண்டுதல் என் மார்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அது தீராமல் நான் கண்ணை மூடிவிடுவேனோ என்ற அச்சம் மெய்யானது.

இந்நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலைக் கோயிலில் நான் ஓதிவிட்டு வெளியே வந்தபோது மகள், மாப்பிள்ளை, பேத்தி மூவரும் காருடன் காத்திருந்தனர்.

“மாமா, சாப்பிடப் போறதுக்கு முன்னாடி பீச் ரோட்ல ஒரு கடை. பத்தே நிமிஷம் லா.”

வேட்டியும் திருநீறுமாக நான் அந்த மலையேற்றச் சாமான் கடையில் நுழைந்தேன். நாற்புறமும் இலைதழை அச்சிட்ட பச்சை உடுப்புகள். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகமுள்ள முஸ்லிம் தமிழர்; பெரியவர், வாய் ஓயாதவர்.

“வாங்க ஐயா. நீங்களுமா வேட்டைக்கு?”

“இல்ல பாய், இவர் மாமா. சுத்த சைவம்,” என்றார் மாப்பிள்ளை.

“அதனால என்ன? மானும் சுத்த சைவந்தான்.”

மாப்பிள்ளை ஒவ்வொரு பையாக விசாரணை செய்தார். இரத்தக்கறை கழுவினால் போகுமா? சட்டம் வளையுமா? தட்டு எவ்வளவு அகலம், ஒரு முழுத் தொடை உட்காருமா? என் மகள் பேத்தியின் காதைப் பொத்தினாள். நான் என் பங்குக்கு, பட்டை தோலால் ஆனதா என்று கேட்டுவைத்தேன்.

“நைலான்தான் ஐயா. தொட்டாத் தீட்டு இல்ல,” என்றார் கடைக்காரர்.

கடைசியில் இரண்டு பைகள் எஞ்சின. ஒன்று எடை குறைந்தது. மற்றது சற்றுக் கனம், ஆனால் முதுகின் உயரத்துக்கேற்பத் தோள்வார்களை ஏற்றி இறக்கலாம். கடைக்காரர் இரண்டாவதில் மணல் மூட்டைகளை அடுக்கி இறுக்கிக் கட்டினார். மாப்பிள்ளை அதை முதுகில் ஏற்றி, பட்டையைப் பூட்டி, கடையை வலம் வந்தார். நிமிர்ந்து வந்தார். குனிந்து எழுந்தார். முகத்தில் வேதனையின் சாயல்கூட இல்லை.

“பிரமாதம் பாய்! வெயிட்டே தெரியல.”

இத்தனை நாள் அடக்கியிருந்த நாவு அப்போது அவிழ்ந்துவிட்டது.

“மாப்பிள்ளை, முருகனுக்கு மட்டும் வலிக்கிற முதுகு, மானுக்கு வலிக்காதோ?”

என் மகள், “அப்பா, கடையில வேணாம்பா,” என்றாள். மாப்பிள்ளை பட்டையை அவிழ்க்காமலே என் பக்கம் திரும்பினார்.

“சரி மாமா, கேட்டுட்டீங்க, சொல்லிடுறேன். மொத வருஷம் முதுகு நெசமாவே வலிச்சுது. அப்புறம் வலிக்கல. ஆனா நேர்ந்துகிட்டது நீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இந்த மான் நானா ஆசைப்பட்டது. அதான் கனக்கல.”

வணிகர் பலர் வழக்கு நடக்கும்போது நகர்ந்துவிடுவர். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஐயா, நீங்க எதை நேர்ந்தீங்க?”

“காவடி.”

“யாரு தோள்ல?”

நான் மாப்பிள்ளையைக் காட்டினேன்.

“அடுத்தவர் தோளை எடுத்துக் குடுத்துட்டீங்க. உங்க தோளுக்கு என்ன?”

“எனக்கு வயசாச்சு, பாய்.”

“அதப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

மணல் மூட்டைகளில் பாதியை இறக்கிவிட்டு, அங்கவஸ்திரத்தின் மேலேயே பையை என் முதுகில் மாட்டினார். மாப்பிள்ளை, கோபம் மறந்து, காணொளிப் புலமை பொங்க முன்னால் வந்தார்.

“இடுப்பு எலும்பு மேல கட்டணும் மாமா. தோள்ல தொங்க விடாதீங்க. ஆங், இப்ப நடங்க.”

நடந்தேன். சுமை இடுப்பில் இறங்கி, கால்வழி தரைக்குப் போய்விட்டது. கூடாரங்களைத் தாண்டி, கத்திப் பெட்டியைச் சுற்றி, மறுபடி வாசலுக்கு வந்தேன். சொல்ல வேண்டிய சாக்கு எதுவும் மூச்சிரைப்பாகக்கூட வரவில்லை. கண்ணாடியில், திருநீறு பூசிய ஒரு கிழவர் இறைச்சி சுமக்கும் பையோடு தேஜசாக நின்றார்.

“தாத்தா ஸ்ட்ராங் லா!” என்று பேத்தி கைதட்டினாள்.

“முடிஞ்சுது. சாமி ஆளைப் பாத்துட்டார்,” என்று சொல்லி, கடைக்காரர் அந்தப் பையையே மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்.

அடுத்து வந்த தைப்பூசத்தில் நான் காவடி எடுத்தேன். அலகு இல்லாத சிறு காவடி. எஃகுச் சட்டம், தோளில் பஞ்சுத் திண்டு, இடுப்பில் பட்டை, மேலே மயிலிறகு. விரதமிருந்த நாள்களில் மாப்பிள்ளையும் சைவமே உண்டார். வேட்டைக்காரர் ஒருவர் சாம்பாரும் சோறுமாக வாடுவதைக் காண எனக்கும் இரக்கமாகத்தான் இருந்தது. காவடிகள் புறப்படும் பெருமாள் கோயிலில் என் பட்டையை அவரே பூட்டினார். சரியாக எலும்பின் மேல்.

புதுப் பையில் தண்ணீர்ப் போத்தல்கள், மடக்கு நாற்காலி, எலுமிச்சைகளுடன் அவர் என் பக்கத்தில் நடந்தார். பாதி வழியில் பேத்தி கால் வலிக்கிறதென்று சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை சாமான்களை என் மகளிடம் கொடுத்தார். மான் தொடை அமர வேண்டிய தட்டில் பிள்ளையை அமர்த்தி, வார்களால் சுற்றிக் கட்டி, முதுகில் ஏற்றிக்கொண்டார். யாரைக் காப்பாற்றச் சொல்லி நான் வேண்டினேனோ அவள், என் காவடியைப் பார்த்தபடி, பின்னாலிருந்து கட்டளையிட்டு வந்தாள்: “தாத்தா, ஃபாஸ்ட்! அப்பா, ஸ்லோ!” டேங்க் ரோடு முருகன் கோயில் வாசல் வரை அவர் அவளை இறக்கவே இல்லை. அவர் தோள் வியர்த்திருந்தது.

மறுவாரமே, ஏப்ரல் வரை பொறுக்காமல், மாப்பிள்ளை வேட்டைக்கு மூட்டை கட்டலானார். என் மகள் அந்தப் பையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“பிள்ளை உக்காந்து சாமிகிட்ட போன இடம். அதுல செத்த மானை வைப்பீங்களா?”

மாப்பிள்ளையின் வாதம் செல்லவில்லை. வரும் ஞாயிறு வேறொரு ஃபிரேம் பேக் வாங்க பீச் ரோட்டுக்குப் போகிறார்கள். மாமாவும் கூட வரவேண்டுமாம். வருகிறேன், ஆனால் கடைக்குள் இன்னொருவர் தோளில் எதுவும் வேண்டிக்கொள்ளமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.